நம்ம சபை ஆள்தானே

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் இப்போதே வாசியுங்கள். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வாசித்துக்கொள்ளலாம்.

மேல்நிலை வகுப்புகளுக்கு 31 வருஷம் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் நடத்தியவள் நான். பற்று, வரவு, பேரேடு, இருப்பாய்வு என்றே காலம் போயிற்று. வேதபாடம் நடத்துகிற தகுதி எனக்கு இல்லை. ஆனால் ஒரு வேதபகுதி நம் சபைகளில் பணக் கணக்கோடு சேர்த்து எப்படிப் பயன்படுத்தப்படுகிறது என்பதை மிகவும் கிட்ட இருந்து பார்த்துவிட்டேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் 6ஆம் அதிகாரம். விசுவாசிகள் ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட்டுக்கொண்டு வெளியாரிடம் நியாயம் கேட்டுப் போகிறார்களே என்று பவுல் வருத்தப்படுகிற இடம். அதைவிட நஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டால் என்ன என்றும் கேட்கிறார். இந்தப் பகுதி எனக்குச் சிறு வயதிலிருந்து தெரியும். உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும். நான் கவனித்த சங்கதி வேறு. இந்தப் பகுதியை நம் சபைகளில் யாருக்கு வாசித்துக் காட்டுகிறார்கள்? பணத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிறவனுக்கு. வாங்கிப் பையில் வைத்திருக்கிறவனுக்கு யாரும் வாசித்து நான் கேட்டதில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர. அந்த ஒரு தடவையைச் சொல்ல வேண்டும் என்றால் என் தம்பியின் அச்சகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாளையங்கோட்டையில் தம்பி ஒரு சின்ன ஆஃப்செட் அச்சகம் வைத்திருந்தான். பழைய மெஷின், ஒரு கலர் மட்டும் ஓடும். பல வண்ண வேலை வந்தால் சிவகாசிக்கு அனுப்பி வாங்கித் தருவான். வேலைக்கு 2 பையன்கள். கல்யாணக் கார்டு, ஞானஸ்நானக் கார்டு, அசனப் பண்டிகை நோட்டீஸ், கன்வென்ஷன் போஸ்டர், டிசம்பர் வந்தால் சபைக் காலண்டர். வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் நம்மவர்கள். கேட்பதற்கு நல்ல தொழில். வசனம் அச்சடித்துச் சாப்பிடுகிறான் என்று எங்கள் அம்மாவுக்குப் பெருமை.

அச்சகத்தின் கணக்கு எப்படி ஓடும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேப்பர் முதலில் வாங்க வேண்டும். பிளேட், மை, பைண்டிங் எல்லாம் வேலை முடிவதற்கு முன்பே கைக்காசு. பையன்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் கூலி. மெஷின் நின்றாலும் ஓடினாலும் கட்டட வாடகை. ஆர்டர் கொடுத்தவர் பணம் தருவது எல்லாவற்றுக்கும் கடைசியில். ஆக, ஒருவர் பில்லை 6 மாதம் இழுத்தடித்தால், அந்த 6 மாதம் அவருடைய வேலைக்கு முதல் போட்டவன் அச்சகக்காரன். வட்டியில்லாக் கடன். அதுவும் கேட்காமலே வாங்கிய கடன்.

பேப்பர் கொடுத்த பாய் 30 நாள் தவணை கொடுப்பார். 31ஆவது நாள் காலையில் கடைப் பையன் வந்து நிற்பான். சத்தம் போடமாட்டார், தள்ளுபடியும் செய்யமாட்டார். தம்பிக்கும் அவருக்கும் 12 வருஷத்தில் ஒரு மனஸ்தாபம் கிடையாது. இது ஏன் என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அவர் நல்லவர் என்பது ஒரு பக்கம். அவர்களுக்குள் தேதி தெளிவாக இருந்தது என்பது இன்னொரு பக்கம்.

சபை ஆட்களோடு தேதி கிடையாது. "நம்ம ஆள்தானே, பார்த்துப் போடு" என்பதுதான் விலைப்பட்டியல். ரேட்டைச் சொன்னால், "எனக்குமா இந்த ரேட்டு?" பில்லை நீட்டினால், "என்ன தம்பி, நான் எங்க ஓடியா போயிருவேன்? வாராவாரம் ஒரே கோயில்லதானே இருக்கோம்." நான் அவனிடம் எத்தனையோ முறை சொன்னேன். "ஏலே, ஆர்டரை எழுதி வாங்கு, பாதிப் பணம் அட்வான்ஸ் வாங்கு." அவன் சொல்வான், "எழுதிக் கேட்டா நம்பலைன்னு நினைப்பாங்கக்கா."

அவனுக்கு வர வேண்டிய பாக்கியில் பெரியது ஒரு தனியார் பள்ளித் தாளாளருடையது. எங்கள் சபைதான், கமிட்டியிலும் இருந்தவர். 2022 ஜூனில் தொடங்கி 2 கல்வியாண்டு. மாணவர் டைரி, முன்னேற்ற அட்டை, ஆண்டு விழா அழைப்பிதழ், கட்டண ரசீதுப் புத்தகம். நடுவில் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்ததைக் கழித்து, நின்ற தொகை 2,14,600 ரூபாய். அந்தக் கட்டண ரசீதுப் புத்தகத்தை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: குறித்த தேதிக்குள் கட்டாவிட்டால் அபராதம் உண்டு. அந்த வரியை அச்சடித்த கூலி 19 மாதமாக வரவில்லை. தம்பி அதைக் கவனிக்கவே இல்லை, நான் காட்டினபோது சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் மனைவியின் வளையல்கள் முதலில் நகைக் கடனுக்குப் போயின. பிறகு செயின். 2024 தொடக்கத்தில் மெஷினை விற்றான். சிவகாசியிலிருந்து ஒருவர் லாரி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போனார். அந்த வருஷம் ஈஸ்டர் அன்று தம்பி மனைவி எங்கள் கோயிலுக்கு வரவில்லை. பஸ் ஏறி வேறு சபைக்குப் போனாள். "அவுக காணிக்கைத் தட்டு எடுத்துட்டு வாறதைப் பார்த்துக்கிட்டு என்னால ஜெபம் பண்ண முடியலை மைனி" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்ல?

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி இப்போது ஆடிட்டர். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் சொன்னது உங்களில் சிறுதொழில் செய்கிறவர்களுக்குப் பயன்படும். 2006ஆம் வருஷத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவு செய்த குறுந்தொழில், சிறுதொழில்காரரிடம் பொருளோ சேவையோ வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள் பணம் கொடுக்க வேண்டும். அந்தத் தேதியும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல 3 மடங்கு, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. கேட்டு வாங்கித் தருவதற்கு மாநிலத்தில் ஃபெசிலிடேஷன் கவுன்சில் இருக்கிறது, இணையதளம் வழியாகவே மனுப் போடலாம். தம்பி உத்யம் பதிவு 2021லேயே எடுத்து வைத்திருந்தான். அது ஒன்றுதான் அவன் கையில் இருந்த காகிதம். இன்னொன்றையும் அவள் நினைவுபடுத்தினாள். சரக்குக் கொடுத்த தேதியிலிருந்து 3 வருஷம் சும்மா இருந்துவிட்டால் கோர்ட்டும் கைவிரித்துவிடும். நடுவில் கடன்பட்டவர் ஆமாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்தத் தேதியிலிருந்து மறுபடியும் 3 வருஷம்.

மனுப் போடப் போகிறான் என்ற பேச்சு எப்படியோ வெளியே கசிந்தது. அன்றைக்கே சபையின் மூத்தவர் ஒருவர் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். நல்ல மனுஷர், துஷ்டி வீட்டுக்கு முதலில் வந்து நிற்கிறவர். அவர் பைபிளைத் திறந்து வாசித்தது அந்த 6ஆம் அதிகாரம்தான். "விசுவாசி மேல விசுவாசி வழக்குப் போடலாமா தம்பி? ஆண்டவர் உனக்கு வேற வழியா ரெட்டிப்பாத் தருவார்." தம்பி அடங்கிப்போனான். 5 மாதம் ஒன்றும் செய்யவில்லை.

அவர் நிறுத்தின இடம் 7ஆம் வசனம். பவுல் அங்கே நிறுத்தவில்லை என்பதுதான் என் வழக்கு. அடுத்த வசனத்திலேயே திரும்பிக்கொண்டு எதிர்த் தரப்பைப் பிடிக்கிறார். நீங்களே அநியாயம் செய்கிறீர்கள், அதுவும் சொந்தச் சகோதரருக்கே செய்கிறீர்கள் என்கிற அர்த்தத்தில். அதற்கு அடுத்தாற்போல், தேவனுடைய ராஜ்யத்தில் பங்கில்லாதவர்கள் என்று ஒரு பட்டியல் கொடுக்கிறாரே, அதில் திருடரும் பொருளாசைக்காரரும் உண்டு. 5ஆம் வசனத்தில் இன்னொரு கேள்வி: இரண்டு சகோதரர்களுக்கு நடுவில் வழக்குத் தீர்க்கிற அறிவுள்ளவர் ஒருவர்கூட உங்களுக்குள் இல்லையா? ஆக, பவுல் வழக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவவில்லை. உங்கள் சபையிலேயே உட்கார்ந்து தீருங்கள் என்கிறார். கோர்ட்டுக்குப் போகாதே என்று சொல்கிற சபை, தான் உட்கார்ந்து விசாரிக்கவும் மாட்டேன் என்றால், அது யாருக்குச் சாதகம்? ஒன்றும் செய்யாமல் இருந்தாலே லாபம் வருகிறவருக்கு.

நஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டால் என்ன என்ற கேள்வியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நஷ்டப்பட்டவன். அவன் சார்பில் மூன்றாம் மனுஷர் பதில் சொல்ல முடியாது. தம்பி அப்படிப் பதில் சொன்னதும் உண்டு. ஒரு சின்ன ஊழியர், கன்வென்ஷனுக்குப் போஸ்டரும் நோட்டீசும் 11,000 ரூபாய்க்கு அடித்தார். 3 நாளும் மழை, கூட்டம் இல்லை, காணிக்கை இல்லை. அவர் சைக்கிளில் வந்து வாசலில் நின்றதைப் பார்த்துவிட்டு, பில்லின் மேல் குறுக்குக் கோடு போட்டு அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினான். அதற்கு யாரும் அவனுக்கு வசனம் வாசிக்க வேண்டியிருக்கவில்லை.

எழுதி வாங்கினால் நம்பிக்கைக் குறைவு என்கிறார்களே, அதையும் கொஞ்சம் பார்ப்போம். வணிகவியல் டீச்சருக்கு வேதத்தில் பிடித்த இடங்கள் வேறு மாதிரி இருக்கும். எனக்கு எரேமியா 32ஆம் அதிகாரம். ஆனதோத்தில் இருக்கிற நிலத்தை எரேமியா வாங்குகிறார். விற்கிறவன் வெளியாள் இல்லை, தகப்பனுடைய சகோதரனின் மகன். விலை 17 சேக்கல் வெள்ளி. பாபிலோன்காரன் பட்டணத்தை முற்றுகை போட்டிருக்கிறான், வாங்குகிறவரோ காவலில் இருக்கிறார். இந்த நிலையிலும் பத்திரம் எழுதப்படுகிறது, முத்திரை போடப்படுகிறது, சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள், வெள்ளி தராசில் நிறுக்கப்படுகிறது. முத்திரை போட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் மண்பாண்டத்தில் போட்டுப் பத்திரமாக வைக்கச் சொல்லிப் பாருக்கிடம் கொடுக்கிறார். ஆண்டவர் சொல்லி, தீர்க்கதரிசி வாங்கி, சொந்தக்காரன் விற்கிற நிலத்துக்கே இவ்வளவு காகிதம். நாம் 500 டைரிக்கு ஒரு ஆர்டர் சீட்டு எழுதக் கூச்சப்படுகிறோம்.

ஆபிரகாம் இன்னும் கெட்டிக்காரர். சாராளை அடக்கம்பண்ண மக்பேலா குகையைக் கேட்கிறார். எப்பெரோன், ஊரார் எல்லாரும் கேட்கும்படி, சும்மா எடுத்துக்கொள்ளும் என்கிறான். ஆபிரகாம் விடவில்லை, விலை கொடுத்துத்தான் வாங்குவேன் என்கிறார். உடனே எப்பெரோன், 400 சேக்கல் எல்லாம் நமக்குள் ஒரு பெரிய காரியமா என்கிற தோரணையில் விலையையும் சொல்லிவிடுகிறான். நம்ம ஊர் வியாபாரிகளை நன்றாகத் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரும். ஆபிரகாம் பேரம் பேசவில்லை. வியாபாரிகளிடம் செல்லுகிற வெள்ளியில் 400ஐ நிறுத்துக் கொடுக்கிறார், பட்டண வாசலில் எல்லார் கண் முன்னாலும். தானமா விற்பனையா என்று பிற்காலத்தில் பேரன்மார் சண்டை போட இடமில்லை.

என் பாடத்தில் சொன்னால், விற்பனைக் கணக்கு வேறு, நன்கொடைக் கணக்கு வேறு. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால் இருப்பாய்வு ஒருநாளும் சமப்படாது. நம் சபைகளில் நடக்கிற முக்கால்வாசிப் பணச் சண்டை இந்த இரண்டையும் கலந்ததால் வந்தது. வாங்குகிறவர் மனசில் அது பாதித் தானம், விற்கிறவர் மனசில் அது முழு விற்பனை. வாயைத் திறந்து இருவரும் சொல்லிக்கொள்வதில்லை. சபைக்குக் குறைத்துக் கொடுக்க ஆசையிருந்தால் தாராளமாகக் குறையுங்கள். முழு விலையைப் பில்லில் எழுதி, கீழே இவ்வளவு காணிக்கையாகக் கழித்தது என்று எழுதி, மீதியைத் தேதி போட்டுக் கேளுங்கள். கொடுத்ததும் தெரியும், வர வேண்டியதும் தெரியும்.

பவுலும் இப்படித்தான். எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைக் கொண்டுபோகும்போது, தீத்துவோடு கூட வேறு சகோதரரையும் அனுப்புகிறார். இவ்வளவு பெரிய தொகையில் யாரும் குற்றம் சொல்ல இடம் வைக்கக் கூடாது, ஆண்டவர் முன்பாக மட்டுமல்ல, மனுஷர் முன்பாகவும் சரியாக இருக்க வேண்டும் என்று காரணமும் சொல்கிறார். பிலேமோனுக்கு எழுதும்போது, ஒநேசிமு உனக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் என் கணக்கில் வை, நான் தீர்ப்பேன் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுக்கிறார். என்னைக் கேட்டால் அது ஒரு புரோநோட்டு. அப்போஸ்தலரே எழுதிக் கொடுத்த பிறகு, "நமக்குள்ள என்ன எழுத்து?" என்று கேட்கிறவர்கள் யார் என்று எனக்குப் புரியவில்லை.

நெகேமியாவையும் சொல்லாமல் விட முடியாது. 5ஆம் அதிகாரம். பஞ்சகாலத்தில் ஏழைகள் வயலையும் திராட்சத்தோட்டத்தையும் அடகு வைத்து, கடைசியில் பிள்ளைகளையே அடிமைகளாக விடுகிறார்கள். கடன் கொடுத்து வட்டி வாங்கினது அந்நியர் இல்லை, சொந்த யூதப் பிரபுக்கள். நெகேமியாவுக்குக் கோபம் வருகிறது. அவர் ஏழைகளைக் கூப்பிட்டுப் பொறுமையாக இருங்கள் என்று சொல்லியிருக்கலாம், எருசலேம் அலங்கத்தைக் கட்டி முடிக்க வேண்டிய நேரம், சண்டை வேண்டாம் என்று சொல்ல நல்ல சாக்கு இருந்தது. அவர் பிரபுக்களை நிற்க வைத்துக் கேட்கிறார். நிலத்தையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார். சரி என்றதும் அதோடு விடாமல், ஆசாரியரைக் கூப்பிட்டு ஆணையிட வைக்கிறார். வாய்ச்சொல்லை அவரும் நம்பவில்லை பாருங்கள்.

இங்கிலாந்தில் குவேக்கர் என்ற கிறிஸ்தவக் கூட்டத்தார் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் தோன்றியவர்கள். கடையில் கூட்டிச் சொல்லிக் குறைத்துக் கொடுப்பதையே பொய் என்று நினைத்தார்கள். குழந்தை வந்து கேட்டாலும் பெரியவர் வந்து கேட்டாலும் ஒரே விலை. அவர்களுடைய சபைக்கூட்டங்கள், கடன்பட்டுத் திருப்பிக் கொடுக்க முடியாமல் போன உறுப்பினரின் வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிக்கும். மற்றவர் பணத்தில் அஜாக்கிரதையாக வியாபாரம் செய்து திவாலானவரைச் சபையை விட்டு விலக்கினதும் உண்டு. 1824இல் பர்மிங்ஹாமில் ஜான் கேட்பரி கடை திறந்தார், அவர் அந்தச் சபைதான். நம் பேரப்பிள்ளைகள் கேட்டு அழுகிற சாக்லேட் அங்கே தொடங்கினது. விலக்குவது எனக்குக் கடுமையாகத்தான் படுகிறது. துரதிர்ஷ்டத்தால் நொடிந்தவனும் அதில் சேர்ந்து அவமானப்பட்டிருப்பான். ஆனாலும் அந்தச் சபை கடன்காரன் வீட்டுக் கதவைத் தட்டினது. நம்முடையது கொடுத்தவன் வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

இதை வாசிக்கிற தாளாளர்களும் முதலாளிகளும், எல்லாத் தப்பும் வாங்குகிறவர் மேல்தானா என்று கேட்பீர்கள். இல்லை. 'விசுவாசி' என்ற பேரை வைத்து மோசமான வேலை பார்க்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நம் சபை ஆள் என்று நம்பிக் கட்டட வேலை கொடுத்தார்கள், மாடிப்படி ஒன்று அரை அங்குலம், ஒன்று முக்கால் அங்குலம் வித்தியாசத்தில் இருக்கிறது. கேட்டால் ஜெபித்துத்தான் கட்டினேன் என்கிறார். ஜெபித்தவர் கொஞ்சம் அளந்தும் பார்த்திருக்கலாம். எஜமான் விசுவாசி என்பதற்காக அவனை அசட்டை செய்யாதே, இன்னும் நன்றாக வேலை செய் என்று தீமோத்தேயுவுக்கு எழுதின நிருபத்தில் இருப்பது இவர்களுக்கு. ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று சீட்டுக்கு ஆள் சேர்க்கிறவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுத வேண்டும். இப்போதைக்கு ஒன்று: சீட்டு நடத்துகிறவர் 1982ஆம் வருஷச் சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். முகம் சுளித்தால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குப் பிடிக்காது. "நம்ம ஆள்" என்று நாம் சொல்லும்போது எல்லா நேரமும் விசுவாசத்தைத்தான் சொல்கிறோமா? திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்தவர்களுக்கு அந்த இரண்டு வார்த்தைக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று தெரியும். போகட்டும்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். 2024 நடுவில் எங்கள் சபைக்கு ஒரு புதுக் குருவானவர் மாற்றலாகி வந்தார். வயதில் என் மாணவர்களை விட இளையவர். தம்பி மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன வரிசையைப் பிடித்தான். முதலில் தனியாகப் போய்ப் பேசினான். பிறகு 2 பேரைக் கூட்டிக்கொண்டு போனான். இரண்டு தடவையும் காபி கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாவதாக ஐயாவிடம் வந்தான். ஐயா கேட்ட முதல் கேள்வி, "பில்லு எல்லாம் இருக்கா அண்ணே?"

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கமிட்டி அறையில் உட்கார்ந்தோம். ஐயா, ஓய்வு பெற்ற பாங்க் அதிகாரி ஒருவர், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கணக்குப் பார்க்கிற ஒரு அம்மா, தம்பி, தாளாளர். கணக்கு அறிக்கை தயாரித்துக் கொடுத்தவள் என்பதால் நானும். அந்தப் பழைய மூத்தவரையும் ஐயா வரச் சொல்லியிருந்தார். ஜெபம் முடிந்ததும் ஐயா அதே 6ஆம் அதிகாரத்தை எடுத்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 5ஆம் வசனத்திலிருந்து வாசித்தார், 7இல் நிற்கவில்லை, 8ஐ வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடாமல் தாளாளரைப் பார்த்து, "இந்தக் கடைசி வசனம் நம்மள்ல யாருக்குன்னு நினைக்கிறீங்க சார்?" என்றார். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும். மூத்தவர் தன் பைபிளை எடுத்து அந்த இடத்தைப் புதிதாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் கணக்கு. மொத்தம் 23 டெலிவரி. பள்ளி கிளார்க் கையெழுத்துப் போட்டு வாங்கினது 17, அதன் தொகை 1,68,200. கையெழுத்து இல்லாதது 6, அது 46,400. அந்த 6ஐயும் வாங்கினதாக நினைவில்லை என்றார் தாளாளர். அந்த அழைப்பிதழைத்தான் எங்கள் வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறோம், அந்த விழாவுக்குத்தான் நானே போயிருந்தேன். ஆனால் காகிதம் இல்லை. பாங்க் அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். தம்பி, "அதை விட்டுருங்க" என்றான். இன்னொரு பக்கம், ஒரு வருஷத்து டைரியில் பைண்டிங் பிரிந்துவிட்டது என்று தாளாளர் எடுத்துக் காட்டினார். அது உண்மை. அதற்கு 8,200 கழிக்கத் தம்பி ஒத்துக்கொண்டான். மீதி 1,60,000. தலா 32,000 வீதம் 5 தவணை, தேதி போட்டு. வட்டி கேட்கவில்லை. எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். தாளாளரும் போட்டார், பேனாவை அந்த மூத்தவர்தான் கொடுத்தார்.

சந்தோஷமான முடிவு என்று நினைக்க வேண்டாம். மெஷின் போனது போனதுதான். தம்பி இப்போது வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் வைத்து டிசைன் மட்டும் செய்து சிவகாசிக்கு அனுப்புகிறான். அந்த 2 பையன்களில் ஒருவன் திருப்பூர் போய்விட்டான். தம்பி மனைவி இன்னும் பஸ் ஏறித்தான் கோயிலுக்குப் போகிறாள்.

ஒரு மாற்றம் உண்டு. மேஜையில் ஆர்டர் புத்தகம் இருக்கிறது. என்ன வேலை, எத்தனை பிரதி, என்ன பேப்பர், மொத்தத் தொகை, அட்வான்ஸ், காணிக்கையாகக் கழிவு, மீதி கொடுக்க வேண்டிய தேதி, இரண்டு கையெழுத்து. கார்பன் வைத்து இரண்டு பிரதி, எரேமியா மாதிரி என்று நான் சொல்லிக்கொள்வேன். போன மாதம் அசன நோட்டீசுக்கு ஐயாவே வந்தார். கழிவு என்ற கட்டத்தில் தம்பி 300 என்று எழுதியதைப் பார்த்து, "இது நீங்க மனசோட போட்டதா அண்ணே, இல்ல எனக்காகப் போட்டதா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டார். மீதியைக் குறித்த தேதிக்கு முந்தின நாளே சபை ஊழியர் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

தாளாளரின் தவணையில் 3 சரியான தேதிக்கு வந்தது. நாலாவது 26 நாள் தாமதம். ஐந்தாவதற்கு உரிய தேதி போன மாதம் 10. இன்றுவரை வரவில்லை. பாங்க் அதிகாரி நேற்றுப் போன் செய்திருக்கிறார், இந்தச் சனிக்கிழமை என்று பதிலாம். வந்ததும் வரவு வைத்துவிட்டு இங்கேயே கமென்ட்டில் எழுதுகிறேன்.